ஊசி போடாத அடி

ராய்ஸ் டாக்கெட் நின்றுகொண்டே சாப்பிடப் பழகி ரொம்ப காலம் ஆகிவிட்டது. பெரிய மேஜை வாங்கிப் போட்டவன்தான், ஒரு படையே உட்காரலாம். ஆனால் உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலிகளின் முகத்தில் முழிக்க வேண்டும். அதற்கு அடுப்படியிலேயே நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. பெண்டாட்டி போய் எத்தனையோ வருஷம். மகள் இருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு டாக்கெட் என்கிற பெயரை விட்டது அவளுக்குப் பெரிய விடுதலை என்று அவள் வாயாலேயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். பேரனை நீச்சலுக்குத்தான் அனுப்புகிறாள். மட்டைப் பக்கமே விடுவதில்லை.

அப்படி நின்றுகொண்டு உறைந்த கோழியையும் பட்டாணியையும் சூடுபண்ணித் தின்றுகொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது.

"மிஸ்டர் டாக்கெட்டா? போர்ட் ஹார்லன் ஹெரான்ஸ் பேஸ்பால் கிளப் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஆகஸ்ட்ல பழைய ஆட்டக்காரங்க தினம் வருது சார். இந்த வருஷம் உங்க டீம். கோப்பை ஜெயிச்சீங்களே, அந்த டீம். உங்களால வர முடியுமான்னு கேக்கச் சொன்னாங்க."

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

அந்தப் பெண் கொஞ்சம் இழுத்தாள். "பொதுவா எல்லாரையும்தான் கூப்பிடறோம், சார்."

பொதுவா எல்லாரையும். வேறொருத்தனுக்கு அது சப்பென்று இருந்திருக்கும். ராய்ஸுக்கு அது போதும். இதற்கு முன்னால் அந்த டீம் எத்தனையோ தடவை கூடியிருக்கிறது, இவன் ஒருத்தனை மட்டும் விட்டுவிட்டு. அந்தப் படங்களையெல்லாம் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டவன் இவன்.

ஏன் விட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். கென்டக்கி மலையில் சுரங்கத்தில் வேலைபார்த்தவனின் மகன். அடித்தால் பந்து வேலியைத் தாண்டி, ஸ்டேடியத்தையும் தாண்டி, ஏரிக்கரை ரோட்டில் போய் விழும். அதைப் பிடிக்கவென்றே ரோட்டில் கையுறையோடு கூட்டம் நிற்கும். அப்படியொரு காலம். பிறகு விசாரணை என்று ஒன்று வந்தது. உடம்பில் பலம் ஏற்ற மருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று சில பெயர்கள் வெளியே வந்தன, அதில் இவன் பெயரும் இருந்தது. விசாரணையில் கேட்டதற்கு "ஞாபகம் இல்லை" என்று சொன்னான். ஒரு தடவை இல்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் அதையேதான் சொன்னான். அந்த வார்த்தைதான் அவனைக் கவிழ்த்தது. ஊசியைக்கூட ஜனங்கள் மன்னித்திருப்பார்கள்.

அவன் வேலி தாண்டி அடித்த ஹோம் ரன்களை யாரும் அழித்துவிடவில்லை. கணக்கில் அப்படியே இருக்கின்றன. வாயால் சொல்லத்தான் ஆளில்லை. டிவியில் பெரிய அடிக்காரர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள், இவனுக்கு மேலே இருப்பவனைச் சொல்லிவிட்டு நேரே கீழே இருப்பவனுக்குப் போய்விடுவார்கள், உடைந்த படியைத் தாண்டிக் கால் வைக்கிற மாதிரி. பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கிற புகழ் மண்டபத்துக்கு ஓட்டுப் போடும் பத்திரிகைக்காரர்கள் வருஷா வருஷம் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் ஓட்டுச் சீட்டிலேயே இவன் பெயர் இல்லாமல் போயிற்று.

போகட்டும். பத்திரிகைக்காரர்களை அவன் எப்போதோ விட்டுவிட்டான். கத்துகிற ஜனங்களையும் விட்டுவிட்டான். அவனால் விட முடியாதது அந்த டிரஸ்ஸிங் ரூமில் கூட இருந்தவர்களைத்தான். ஒரே பஸ்ஸில் போய், ஒரே சோற்றைத் தின்று, ஒரே குளியலறையில் பாட்டுப் பாடினவர்கள். அவர்கள் நம்ப வேண்டும். ஊசி உடம்புக்குத்தான், பந்தைப் பார்த்த கண் என்னுடையது, சுழற்றின கை என்னுடையது என்று அவர்கள் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

போனை வைத்தபோதே முடிவுபண்ணிவிட்டான். அன்றைக்கு ஒரே ஒரு அடி. வேலிக்கு அந்தப் பக்கம். உடம்பில் ஒரு சொட்டு மருந்து இல்லாமல்.

அதற்காக அவன் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வயதுத் தளர்ச்சிக்கு என்று டாக்டர் தோளில் தடவிக்கொள்ளக் கொடுத்திருந்த களிம்பை நிறுத்தினான். முட்டிக்குப் போடுகிற ஊசியை வேண்டாம் என்றான். ராத்திரி முட்டி குடைந்தெடுக்கும், ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கிடப்பான். நெடுஞ்சாலை ஓரத்தில், காசு போட்டால் மெஷின் பந்தெறியும் கூண்டு ஒன்று இருந்தது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தினமும் காலையில் அங்கே போய் நின்றான். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போயிற்று. ஒரு காலத்தில் கோடி கொட்டிக் கொடுத்த கை, சில்லறையைப் போட்டுவிட்டு மெஷினைப் பார்த்து நின்றது.

ஆட்டத்தன்று டிரஸ்ஸிங் ரூம் வாசலுக்கு வரும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"டேய் ஹான்ராட்டி, சட்டைக்குள்ள என்னடா, பந்துக் கூடையா?"

"உங்க வீட்டு விருந்துடா. உன் பொண்டாட்டி உனக்குப் போடாததெல்லாம் எனக்குத்தான் போடறா."

"போடா தடியா! நீ எறிஞ்ச பந்தையெல்லாம் அவதான் சுலபமா அடிப்பா, அதான் பாசம்!"

கத்தினது யூசேபியோ மார்ட்டே. டொமினிக்கக்காரன். அந்த டீமில் பந்தெறிபவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடித்தவன், கேப்டனும் அவன்தான். "ரெண்டு முட்டியும் இரும்புடா எனக்கு. ஏர்போர்ட்ல என்னைப் பார்த்தாலே மணி அடிக்குது. போலீஸ்காரனே இப்ப சிநேகிதமாயிட்டான்."

ராய்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அடுப்பைத் தணித்தால் பொங்குகிற பால் அடங்குமே, அப்படி அடங்கிப்போயிற்று அறை.

"வாங்க ராய்ஸ்," என்றான் மார்ட்டே. "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?"

"நல்லா இருக்கீங்களா?" என்றான் பந்தெறிகிற ஹான்ராட்டி, வயிற்றின்மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. "பார்த்து ரொம்ப நாளாச்சு."

வாங்க, இருக்கீங்களா. வெளியாள் கேட்டால் என்ன மரியாதை என்று நினைப்பான். அந்த அறையில் மரியாதை என்பது வேண்டாதவனுக்குக் கொடுக்கிற சாமான். வேண்டியவனை வையத்தான் வைவார்கள். ராய்ஸுக்கு அந்தக் காலத்தில் அங்கே காண்டாமிருகம் என்று பெயர். "டேய் காண்டாமிருகம், கதவை இடிச்சுட்டு வராதடா" என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவன் கதவுப் பக்கமே கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். யாரும் சொல்லவில்லை.

சரி, நாமே ஆரம்பிப்போம் என்று நினைத்தான். "என்ன யூசேபியோ, இன்னும் அந்தக் குறட்டைதானா? ஹோட்டல்ல பக்கத்து ரூம்காரன் காலி பண்ணிட்டு ஓடினானே, ஞாபகம் இருக்காடா?"

மார்ட்டே சிரித்தான். பல் மட்டும்தான் சிரித்தது. "ஆமாமா. இப்ப டாக்டர் ஒரு மெஷின் குடுத்திருக்கார். பரவாயில்ல."

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குச் சொல்கிற பதில்.

ராய்ஸின் அலமாரியைக் கடைசியில், குளியலறைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு இரண்டு அலமாரி தள்ளி ஒருத்தன் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், காதோரம் முழுக்க நரை. லோனி ப்ரூயிட்.

லோனி யார் என்று கேட்டால் அந்த ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கோப்பை ஜெயித்த வருஷம் ராய்ஸ் வசந்தத்தில் தோளைக் கிழித்துக்கொண்டான். அவன் இடத்தில், இடது கோடியில், நின்றவன் லோனி. பிரமாதம் என்று இல்லை, ஆனால் ஒழுங்காக ஆடினான். ரோட்டில் இரண்டு பேர் அடையாளம் கண்டு கை கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தான். ஜூலையில் ராய்ஸ் திடீரென்று எழுந்து வந்துவிட்டான், தோள் இரும்பு மாதிரி. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. லோனியைக் கீழ் டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் ஹெரான்ஸ் கோப்பை ஜெயித்தபோது அவன் அயோவாவில் ஒரு சலவைக் கடையில், துணி சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே டிவியில் பார்த்தான். மேலே திரும்பவேயில்லை. இப்போது வீடு வீடாகப் போய்க் குளிர்காலச் சூடேற்றி ரிப்பேர் பார்க்கிறான்.

"லோனி," என்றான் ராய்ஸ்.

"ம்," என்றான் லோனி. கயிற்றை இழுத்துக் கட்டினான். எழுந்து போனான்.

பழைய ஆட்டக்காரர்கள் தினத்தில் ஆடுகிற ஆட்டம் ஆட்டமே இல்லை. மூன்றே சுற்று. பேரப்பிள்ளைகள் முன்னால் கிழவர்கள் விழுந்து எழுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். பந்தெறிபவன் பிள்ளைக்குச் சோற்றுருண்டை கொடுக்கிற மாதிரி மெதுவாகப் போடுவான். அடிப்பவன் ஓங்கிச் சுழற்றித் தவறவிடுவான். இடுப்பைப் பிடித்துக்கொள்வான். ஜனங்கள் சிரிப்பார்கள். தோற்பதற்கென்றே எல்லாரும் வருகிற ஆட்டம் அது. எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. ஹான்ராட்டி சுழற்றின வேகத்தில் மல்லாக்க விழுந்தான், அப்படியே கிடந்தான். மார்ட்டே ஓடிவந்து தொப்பியால் விசிறிவிட்டுச் சிலுவைக் குறி போட்டான். ஸ்டேடியம் குலுங்கிற்று. லோனிகூடப் பந்தை மூன்றடி தூரம் தட்டிவிட்டு, ராஜா மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நடந்தே போய் அவுட் ஆனான்.

பிறகு ஒலிபெருக்கி ராய்ஸ் டாக்கெட் என்றது.

கொஞ்சம் கைதட்டல், கொஞ்சம் ஊ என்ற கூச்சல், மீதிப் பேர் பேசாமல் வாயில் போட்டதை மென்றுகொண்டிருந்தார்கள். ராய்ஸுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எதிரணியில் பந்தெறிந்தவன் இவர்களுக்கும் மூத்தவன், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். சிரித்துக்கொண்டே ஒரு உருண்டையை உருட்டி விட்டான்.

ராய்ஸ் சிரிக்கவில்லை. முட்டி குடைந்தது, காய்த்த கை இறுகிற்று, இடுப்பு திரும்பிற்று. படீர் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். பந்து ஏறிற்று, ஏறிக்கொண்டே போயிற்று, இடது கோடி வேலியைத் தாண்டி மேல் வரிசை நாற்காலிகளுக்குள் போய் விழுந்தது.

அப்புறம் அரைமனசாய் ஒரு ஆரவாரம். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"ராய்ஸ்! மருந்துக் கடை இன்னும் தொறந்துதான் இருக்கா?"

பெரிய சிரிப்பு. அன்றைக்கு விழுந்த சிரிப்பிலேயே பெரியது அதுதான். கண்ணாடி போட்ட கிழவன் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையோடு விளையாடும்போது பிள்ளை நிஜமாகவே அறைந்துவிட்டால் முகம் எப்படிப் போகும், அப்படி நின்றிருந்தான்.

ராய்ஸ் நொண்டிக்கொண்டே சுற்றி ஓடிவந்தான். ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளமான டக்-அவுட்டின் படிகளில் இறங்கினான். உள்ளே ஒரு சத்தம் இல்லை. ஒருத்தன் கூரையைப் பார்க்கிறான். ஒருத்தன் தண்ணீர்க் குழாயைத் திருகுகிறான். மார்ட்டே சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருக்கிறான். இவனைப் பார்க்க ஒரு முகம் திரும்பவில்லை.

ராய்ஸுக்கு நெஞ்சு பூரித்துப்போயிற்று.

ஏன் பூரிக்கிறான் என்றால், அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. புதிதாக வந்த பையன் முதல் ஹோம் ரன் அடித்துவிட்டு வந்தால் ஒருத்தரும் அவனைக் கண்டுகொள்ளமாட்டார்கள். பேசிவைத்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். அவன் அசடு வழிய வெறும் காற்றுக்குக் கை கொடுத்துக்கொண்டே அந்தக் கோடிவரை போவான். கொஞ்ச நேரம் தவிக்கவிட்டு, அப்புறம் மொத்தப் பேரும் மேலே விழுந்து, தலையில் தட்டி, முதுகில் குத்தி, தண்ணீரைக் கொட்டி ஒரு வழி பண்ணிவிடுவார்கள். அன்றிலிருந்து அவன் நம்மவன். ராய்ஸுக்கும் இளவயதில் நடந்திருக்கிறது, இதே டக்-அவுட்டில்.

இப்போதும் அதுதான் என்று நினைத்துவிட்டான் அவன். ஊசி இல்லாமல் அடித்த முதல் அடி. புதுப் பையனை எடுத்துக்கொள்கிற மாதிரி என்னை முதலிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிட்டான், பாவம்.

அவனும் தன் பங்கை ஆடினான். கையை உயரத் தூக்கி இல்லாத கையில் தட்டினான். அடுத்த இல்லாத கையில் தட்டினான். கோடிவரை அப்படியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து முதல் அடி விழுமோ என்று கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருந்தான்.

அடுத்தவன் அடிக்கப் போனான். அவுட் ஆனான். வந்தான், அவனுக்கு முதுகில் நாலு குத்து விழுந்தது. "கண்ணு தெரியலன்னா கண்ணாடிய கடன் கேக்கறதுதானேடா, அந்தக் கிழவன்கிட்ட!" என்று ஹான்ராட்டி கூவினான். அதற்கடுத்தவனும் போனான். விதைத் தோல் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. ராய்ஸ் கழுத்தை உள்ளே இழுத்தபடியே இருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, எடுக்க மறந்துவிட்ட அலங்காரம் மாதிரி.

மார்ட்டே இவன் பக்கம் திரும்பினான். இதோ, என்று ராய்ஸ் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"தண்ணி ஏதாவது வேணுமா உங்களுக்கு?" என்றான் மார்ட்டே.

அப்போதுதான் ராய்ஸ் கழுத்தை வெளியே எடுத்தான்.

"வேண்டாம்," என்றான். "வேண்டாங்க."

ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் மைதானத்திலேயே நின்று ஜனங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து தன் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தான். முட்டி பானை மாதிரி வீங்கியிருந்தது. கதவு திறந்தது. லோனி. பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போயிருந்தான் போலிருக்கிறது, பையைத் துழாவினான், எடுத்தான், தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். போகத் திரும்பியவன் நின்றான்.

"எல்லாரும் தோத்துட்டு சிரிக்க வந்தோம்," என்றான். "நீ மட்டும் இன்னிக்கும் ஜெயிக்கணும், இல்ல?"

நீ என்றான். அந்த நாள் முழுக்க ராய்ஸை நீ என்று சொன்ன முதல் ஆள். ராய்ஸுக்கு அந்த ஒரு எழுத்தே குளிரில் கணப்பு மாதிரி இருந்தது. திட்டுதான், ஆனாலும் மனுஷனிடம் பேசுகிற பேச்சு.

"ஜெயிக்க இல்லடா லோனி. காட்டறதுக்கு. நான் ஒண்ணும் போட்டுக்கல. களிம்புகூட நிறுத்திட்டேன். சத்தியமா. இந்தக் கையைப் பாரு." காய்த்த உள்ளங்கையைப் பிச்சை கேட்கிறவன் மாதிரி நீட்டினான். "வெறும் உடம்புடா. நீயாவது நம்பறியா?"

லோனி அந்தக் கையைப் பார்த்தான். கிட்டே வந்து, கொதிகலனின் குழாயைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தான்.

"நம்பறேன்," என்றான்.

ராய்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! வாயைத் திறந்தான், லோனி விடவில்லை.

"இத்தனை வருஷமா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? பாவம், இவன்கிட்ட சரக்கு இல்ல, அந்த ஊசி இல்லாட்டி இவனுக்குப் பொழப்பு இல்ல, ஏதோ வயித்துக்காகப் பண்ணிட்டான்னு. அப்படி நெனச்சுதான் நான் தூங்கினேன். இன்னிக்குப் பாத்துட்டேன். இந்த வயசுல, இந்த முட்டியோட, வெறும் உடம்போட வேலியத் தாண்டி அடிக்கற. அப்ப உனக்கு அது தேவையே இல்லையேடா! ரெண்டு மாசம் பொறுத்திருந்தா தோள் தானா ஆறியிருக்கும். செப்டம்பர்ல வந்திருப்ப. உனக்கும் கோப்பை கெடச்சிருக்கும், எனக்கும் கெடச்சிருக்கும். ரெண்டு மாசம்டா. அதக்கூட விட்டுக் குடுக்க முடியல உனக்கு."

ராய்ஸுக்கு நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டான்.

"லோனி, நான்..."

"ஞாபகம் இல்லன்னு சொல்லாத. அது மட்டும் வேண்டாம்."

"ஞாபகம் இருக்கு," என்றான் ராய்ஸ். "எல்லாம் ஞாபகம் இருக்கு."

லோனி தலையை ஆட்டினான். சரி என்கிற ஆட்டலா, போ என்கிற ஆட்டலா, தெரியவில்லை. மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது.

மைதானத்திலிருந்து சத்தம் வந்தது. யாரோ யாரையோ வைகிறார்கள், "டேய், தொப்பையை உள்ள இழுடா, படத்துல என்னை மறைக்குது!" லோனியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், "எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று. ஒவ்வொரு பெயராகக் காதில் விழுந்தது. ராய்ஸ் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். மெல்லச் சத்தம் ஓய்ந்துபோயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, போனில் பேசின அந்த ஆபீஸ் பெண் கதவைத் தட்டிவிட்டு எட்டிப்பார்த்தாள்.

"அய்யோ, மிஸ்டர் டாக்கெட், நீங்க இங்கயா இருந்தீங்க? குரூப் போட்டோ எடுத்து முடிச்சுட்டாங்களே. ஒருத்தர் குறையறாங்கன்னு யாரும் சொல்லவே இல்லயே சார்." அவளுக்கே அந்த வாக்கியம் காதில் விழுந்து சங்கடமாகப் போயிற்று. "வேணும்னா எல்லாரையும் திரும்ப நிக்கச் சொல்லட்டுமா? இன்னும் கார்கிட்டதான் இருக்காங்க."

ராய்ஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழ இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"வேண்டாம்மா," என்றான். "படம் சரியாத்தான் இருக்கும். எனக்கு ஒரு டாக்ஸி மட்டும் சொல்லிடுங்க. பின் வாசலுக்கு."